ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்பு

"நூத்தித் தொண்ணூத்தெட்டு... நூத்தித் தொண்ணூத்தொம்போது..." கயிறு காலில் சிக்கியது. ஏழு வயது மகள் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

"போதும்டா கண்ணு, விடு" என்றார் அப்பா.

"இருநூறு வரட்டும்பா."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வில்லாமல் ஓடும் மோட்டார் ஒருநாள் புகையும் என்பதை இருபது வருஷமாகப் பார்த்தவர். மகளும் அப்படி ஆகிவிடுவாளோ என்ற பயத்தில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"அவ சுபாவம் அப்படி. விடுங்களேன்" என்றாள் மனைவி.

கேட்டால்தானே! லிஃப்ட் கதவில் மாட்டும் 'பராமரிப்பில் உள்ளது' பலகையைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் அறைக் கதவில் மாட்டினார்.

"இன்னிக்கு நீ ஒண்ணும் செய்யக்கூடாது. சும்மா இருக்கணும்."

மகள் உள்ளே போய் ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு வந்தாள். "நீங்களும் உக்காருங்க. தனியா எனக்குப் போரடிக்கும்."

உட்கார்ந்தார்கள். எட்டாவது நிமிஷம் போன் அடித்தது. எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாம். அப்பா எழுந்தார்.

"போச்சு! மொதல்லேருந்து!" என்றாள் மகள்.

சும்மா இருப்பதையும் பந்தயமாக்கிவிட்டாளே என்று அப்பா தலையில் கைவைத்தார். போட்டியே இல்லாத விளையாட்டாக இருக்கட்டும் என்று களிமண் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு யானைகள், உயர வரிசையில் நின்றன.

அடுத்த ஞாயிறு போனை அணைத்தார். இருபது நிமிஷம். அதற்கடுத்த ஞாயிறு வேலைக்கே வரமாட்டேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து. "அடுத்த வாரம் ஒரு மணி நேரம்" என்று மகள் அறிவித்தாள். அப்பாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

நாலாம் ஞாயிறு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். விழித்தபோது முற்றத்தில் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கயிறு சிக்கியது. சிரித்தாள். மறுபடியும் ஒன்று.

அவள் கஷ்டப்படவே இல்லை, சந்தோஷமாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து போய்ப் பலகையைக் கழற்றினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "அவளை மாத்தணும்னு நாலு வாரமா படாதபாடு பட்டேன் டீச்சர். சும்மா உக்காருன்னா அதுக்கும் ஸ்டாப்வாட்ச்சைப் புடிச்சுக்கிறா. இனிமே அவ இஷ்டம்போல இருக்கட்டும்."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்டாப்வாட்ச் அவளுக்கா? 'எங்கப்பாவை ஒரு மணி நேரம் சும்மா உக்கார வைக்கணும்'னு சொல்லித்தானே சார் போன மாசமே என்கிட்ட வாங்கிட்டுப் போனா!"