தொட்டில் என்பதைத் தொட்டி என்று வாசிக்கவும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வருகிறது. நீ கட்டிக்கொள்ளப் போகிறேன் என்கிற அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் நேற்று மாலை நல்லபடியாக விமானம் ஏறினார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் உனக்குப் படங்களைக் காட்டுவார்கள். ஒரு படத்தில் நான் ஒரு துவாரத்திலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பேன். அதைப் பார்ப்பதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்பதால், கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். பேசியே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து சுருக்கமாகச் சொல்லுங்கள் என்பாய். இது சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

நீ என்னிடம் கேட்டது இரண்டு. அவர்கள் வருவது நம் தேசிய நாளன்று, அவர்களுக்கு இதிலெல்லாம் ஆசை அதிகம், நம் வழக்கங்களை நன்றாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. அவர்கள் கிளம்பியதும் உங்கள் கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதமா இல்லையா என்று ஒரே வார்த்தையில் எழுத வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை முதலில் சொல்கிறேன்.

அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் புரூப் பார்த்தவன், தப்பாக எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று நான்கு நாள் குறிப்பெடுத்தேன். உட்கார்ந்து யோசித்தால், அன்றைக்கு நாம் என்னதான் செய்கிறோம் என்று எனக்கே தெரியவில்லை. எட்டு மணிக்கு மொட்டைமாடியில் கொடி ஏற்றுகிறோம். பாட்டின் முதல் இரண்டு வரியைச் சத்தமாகவும் மீதியை வாயசைத்தும் பாடுகிறோம். குடியிருப்புச் செகரெட்டரி போன வருஷப் பேச்சைப் பேசுகிறார். ஆளுக்கொரு மிட்டாய். எட்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு நடப்பது உனக்கே தெரியும், மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது. எல்லா ஆண்பிள்ளைகளும் ஒருசேர வீட்டில் இருப்பதும், சாக்குச் சொல்ல வெட்கப்படுவதும் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என்று செகரெட்டரி கண்டுபிடித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. விருந்தாளிகள் வருகிறார்கள், இந்த ஒரு தடவை தள்ளிப்போடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "தள்ளிப்போட்டா அடுத்த தேசிய நாள் வரைக்கும் பாசிதான் சார் குடிக்கணும்" என்றார். அதோடு, இந்த வருஷம் உள்ளே இறங்கும் முறை என்னுடையது என்றும் ஞாபகப்படுத்தினார்.

அவர்கள் புது உடுப்பில் மாடிக்கு வந்து, பாட்டு முடியும்வரை நம்மைவிட விறைப்பாக நின்றார்கள். பாட்டு முடிந்ததும் மூன்றாம் மாடிப் பல் டாக்டர் முதற்கொண்டு எல்லோரும் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு வாளி, துடைப்பம், பிரஷ் என்று ஆளுக்கொன்றாக எடுக்க, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விளக்க வேண்டியவன் நான். ஆனால் என்னை ஏற்கெனவே ஏணியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அதனால் நீ என் போனில் போட்டுக்கொடுத்த அந்த மொழிபெயர்க்கிற சமாச்சாரத்தை உன் அம்மா கையில் கொடுத்து, தொட்டி கழுவுகிறோம் என்று மட்டும் சொல், வேறு எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முழங்கால் அப்போது போனதுதான்.

உள்ளே நான் பாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேலே இரண்டு கால். செருப்பில்லை, காலுறையில்லை, கோட்டுச் சூட்டின் கால்சட்டை மட்டும் மடித்திருந்தது. பையனின் அப்பா இறங்கி வந்து என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஒரு பிரஷை எடுத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போனார். பத்தொன்பது வருஷத்தில் அந்த மூலைகளை யாரும் தொட்டதில்லை. எல்லோரும் நடுவில் நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டு முடிந்தது என்று குரல் கொடுப்பார்கள். இவர் மண்டியிட்டு, பிரஷ் போகாத இடத்தில் விரலை விட்டுச் சுரண்டினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு பக்கம் தேறாது. ஆனாலும் மூலையைக் காட்டி, மாவு பிசைவதுபோல் கையை ஆட்டி, மூக்கைப் பொத்திக் காட்டினார். ரொட்டிக்கடைக்காரர் அல்லவா, மாவுத் தொட்டியில் மூலையை விட்டால் மறுநாள் ரொட்டி புளித்துவிடும் என்கிறார். நாலு மூலையும் முடியாமல் அவரும் ஏறவில்லை, என்னையும் ஏற விடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில்தான் குண்டு விழுந்தது. பையனின் அப்பா எழுந்து நின்று என் போனில் ஏதோ பேசினார். போன் அதைத் தமிழில் சொன்னது. "உங்கள் நாடு தன் பிறந்தநாளில் தன் தொட்டிலைத் தானே கழுவுகிறது. எங்கள் நாடு அன்று பீரங்கி வெடிக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது." பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போனைப் பிடுங்கி, காலையில் உன் அம்மா பேசியதைத் தேடி எடுத்தேன். "இன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து தொட்டில் கழுவுவோம்" என்று இருந்தது. ஒரே ஒரு ல். முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு ல் என் கையைத் தாண்டிப் போனதில்லை. நான் அதை எப்படித் திருத்துவது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா பரணிலிருந்து உன் தொட்டிலையே இறக்கிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டாள், நீ பல் முளைத்தபோது கடித்துவைத்த பக்கம் முன்னால் தெரியும்படி. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து கம்பி கம்பியாகத் துடைத்தார். உன் அம்மா மறுபக்கம். எனக்கோ வேறு கவலை. கல்யாணத்துக்கே இன்னும் வாய் திறக்கவில்லை, அதற்குள் தொட்டிலைக் காட்டி அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைக்க மாட்டார்களா. ஆகவே நீ அவர்கள் மொழியில் இந்தப் பிழைதிருத்தத்தை உடனே சொல்லிவிட வேண்டும்: தொட்டில் என்று வந்துள்ள இடங்களிலெல்லாம் தொட்டி என்று வாசிக்கவும். தவறு போனுடையது.

இனி இரண்டாவது. அத்தனை தூரத்தில், நம்மவர்கள் யாரும் இல்லாத ஊரில், நீ காய்ச்சல் என்று படுத்தால் ஒரு வாய் வெந்நீர் யார் தருவார்கள் என்று இரண்டு மாதமாக எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. அந்தத் தொட்டிக்குள் நின்று யோசித்தேன். யாரும் பார்க்காத மூலையை இப்படிப் பார்க்கிற மனிதரிடம் வளர்ந்த பையன், உன்னையும் பார்த்துக்கொள்வான். நாலாவது மூலை முடிந்தபோது முடிவு செய்துவிட்டேன். சம்மதம். சம்பந்தியிடம் நானே சொன்னேன் என்று சொல்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கடைசிவரை கேட்டு, நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: படம் பிடிக்கும் முன் உன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "உங்க போன் ஒரு தப்பும் பண்ணல. நான் தொட்டில்னுதான் சொன்னேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "பேரப்பிள்ளைய அங்க யாரு பாத்துப்பாங்கன்னு அவங்ககிட்ட கேக்கணும், எடுத்தவுடனே எப்படிக் கேக்கிறது? அப்படித்தான் பேச்ச ஆரம்பிச்சேன். நீங்க மூணாவது மூலைக்குப் போறதுக்குள்ள நானும் அந்தம்மாவும் கல்யாணம் வரைக்கும் எல்லாம் பேசி முடிச்சிட்டோம்" என்கிறாள். ஆகவே மேலே கண்ட பிழைதிருத்தம் ரத்து. தொட்டில் என்பதைத் தொட்டில் என்றே வாசிக்கவும்.