கலோரி நோட்டும் பிஜோயா நமஸ்காரமும்

எந்தக் காரியத்தைத் திட்டம் போட்டு ஒழுங்காகச் செய்கிறேனோ, அதில் என் மானம் கட்டாயம் போகும். இது என் ஜாதக விசேஷம். போகிற போக்கில் செய்ததெல்லாம் நன்றாகவே நடந்திருக்கிறது (என் கல்யாணம் உட்பட). நோட்டுப் போட்டு, கோடு கிழித்து, தேதிவாரியாக நான் செய்த ஒரே காரியம் உடம்பைக் குறைத்ததுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது.

எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவில் இருந்தேன். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அக்காவும் அத்தானும் லேக் கார்டன்ஸில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். அத்தானுக்கு பாங்கில் உத்தியோகம். அவர்களோடு ஒட்டிக்கொண்டு, கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். கப்பலில் ஏறி இறங்கிச் சரக்கைச் சரிபார்க்கிற வேலை. ஒரு வருஷம் முடிந்ததும் நிரந்தரம் செய்வார்கள், ஆனால் கம்பெனி டாக்டர் ‘உடல் தகுதி உண்டு’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். (அப்பா ஊரில் ‘பையனுக்கு வேலை பெர்மனென்ட் ஆயிட்டு’ என்று அதற்குள் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார்.)

டாக்டர் உயரமாக, ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். என்னைத் தராசில் ஏற்றினார். எழுபத்து நான்கு கிலோ. சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்துவிட்டு, ஆறு கிலோ அதிகம் என்றார். இந்த உடம்போடு கப்பல் ஏணியில் ஏறி வழுக்கினால் கம்பெனி பொறுப்பேற்காது, ஆறு வாரம் தருகிறேன், குறைத்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது என்றார். சிரிக்கவே இல்லை. எனக்கு அவர் மேல் பயமும் பக்தியும் ஒரே சமயத்தில் வந்தன.

அன்று சாயங்காலமே என் விஞ்ஞான வாழ்க்கை தொடங்கியது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கப்பல் சிப்பந்தி விட்டுப்போன சின்னப் புத்தகம் ஒன்று ஆபீஸில் கிடந்தது. எந்த உணவில் எத்தனை கலோரி என்று பட்டியல். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டாமல் சாப்பிட்டால் உடம்பு தானாகக் கரையும் என்று அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை முழுமையாக நம்பினேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன, பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொள்வாள். கல்கத்தாவில் நான் எங்கே போவேன்? லேக் மார்க்கெட்டில் நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும், ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியும், செலரி என்கிற வெள்ளைக்காரக் கீரைத்தண்டும் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று அக்கறையாக விசாரித்தார். கடைசியில் நியூ மார்க்கெட்டில் செலரி மட்டும் கிடைத்தது. பூங்கொத்து மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு டிராமில் நின்றபடி வந்தேன். பக்கத்தில் நின்றவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார், மருத்துவமனைக்குப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. மறுநாள் அக்கா அதை முழுக்க நறுக்கி சாம்பாரில் போட்டுவிட்டாள்.

“ஏல, ரெண்டு வாய் கொறச்சுத் தின்னா போதும்ல. அதுக்கு எதுக்கு நோட்டு, பேனா?” என்றாள். விஞ்ஞானம் தெரியாதவள் என்று இரக்கப்பட்டேன்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், புத்தகத்தில் நான் சாப்பிடுகிற எதுவுமே இல்லை. இட்லி இல்லை, தோசை இல்லை, லூச்சி என்கிற வங்காளத்து மைதா பூரி இல்லை. இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஞானம் பிறந்தது. இவ்வளவு படித்தவர்கள் எழுதிய புத்தகத்தில் ஒரு பண்டம் இல்லை என்றால், அதில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து நோட்டில், புத்தகத்தைப் போலவே இங்கிலீஷில், புத்தகத்தில் உள்ளவற்றுக்கு மட்டும் கலோரி எழுதினேன், இல்லாதவற்றுக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டேன். ‘ரொட்டி ஒரு துண்டு, எழுபது. வெள்ளரிக்காய், பத்து. லூச்சி ஆறு, கோடு.’ (சிரிக்காதீர்கள். அப்போது அது மிகவும் நியாயமாகப் பட்டது.) சில நாட்களில் மொத்தம் முந்நூறைக்கூடத் தாண்டவில்லை. இப்படியே போனால் காற்றில் பறந்துவிடுவேனோ என்று பயந்து, தைரியத்துக்காக இன்னும் இரண்டு கோடுகளைச் சாப்பிட்டேன்.

கோடுகளில் முக்கால்வாசி கீழ்வீட்டு மீரா பௌதியின் உபயம். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பது வயது, கணீரென்ற குரல். அப்படி ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. என் வங்காளத்தைக் கேட்டு ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் அவர் குரல் கேட்டால், பின்னாலேயே லூச்சியும் உருளைக்கிழங்கும் வரும். ‘வீட்டை விட்டு வந்த பிள்ளை’ என்பார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் தட்டைக் காலி செய்துவிடுவேன்.

ஐந்து வாரம் முடிந்தது. வெற்றியைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போய் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறிக் காசு போட்டேன். விளக்கெல்லாம் சுற்றி அட்டை ஒன்று விழுந்தது. ஒரு பக்கம், ‘உங்கள் வளர்ச்சியை எவராலும் தடுக்க முடியாது’ என்று ஜோசியம். மறுபக்கம், எழுபத்தைந்தரை கிலோ.

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலை போச்சு. அப்பா இனி ஊரில் தெருவில் எப்படி நடப்பார்? பூஜை விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். இனி திங்கள் வரைக்கும் தண்ணீரும் வெள்ளரிக்காயும் தவிர எதுவும் உள்ளே போகாது என்று சத்தியம் செய்துகொண்டேன்.

சத்தியம் செய்த நேரம் அப்படி, நடுவில் பிஜோயா வந்தது. துர்கா பூஜையின் கடைசி நாளில் அம்மனைக் கங்கையில் கரைத்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் இனிப்பு தருவார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டோடு உறவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அத்தான் பத்து வருஷமாக ஒரு வீடு விடாமல் போய் வருகிறவர். என்னையும் கிளப்பினார்.

அங்கேதான் என் திட்டமிடும் மூளை மறுபடி வேலை செய்தது. அக்கா பூஜைக்கு எடுத்துக் கொடுத்த வெள்ளை ஜிப்பாவில் இரண்டு பக்கமும் முழங்கை வரை போகிற பாக்கெட், மார்பில் ஒன்று. எந்த வீட்டிலும் தட்டைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் எடுத்து வர உள்ளே போவார்கள். அந்த அரை நிமிஷம் எனக்குப் போதும்.

முதலில் மீரா பௌதி வீடு. வெல்லமும் தேங்காயும் கிளறி உருட்டிய நாரு, ஐந்து உருண்டை. அவர் தண்ணீருக்குத் திரும்பினார், ஐந்தும் வலது பாக்கெட்டில். வந்து பார்த்து, “அதுக்குள்ள முடிச்சிட்டியா!” என்று பூரித்துப்போய் இன்னும் மூன்று வைத்தார். அடுத்த வீட்டில் பால்திரட்டில் செய்த சந்தேஷ், இடது பாக்கெட். அதற்கடுத்த வீட்டில் மால்புவா. நெய்யில் பொரித்துப் பாகில் ஊறிய அந்த அப்பத்தை நாலாக மடித்து மார்புப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். நாலாவது வீட்டில் ரசகுல்லா. ஜன்னல் துளசித் தொட்டியில் பாகைப் பிழிந்துவிட்டு (துளசித் தாயே மன்னிக்கணும்) கைக்குட்டையில் கட்டிக்கொண்டேன். நடந்தால் தொடையில் இடித்தது. அத்தான் வீட்டுக்குள் பேச்சிலும், தெருவில் எனக்கு முன்னாலும் இருந்ததால் ஒன்றும் கவனிக்கவில்லை.

கடைசியாக, அடுத்த தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கிற ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெரிய கூடம். அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள். மீரா பௌதியும், சந்தேஷ் வீட்டு அம்மாளும், மால்புவா வீட்டு அம்மாளும், ரசகுல்லா வீட்டு அம்மாளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களை அனுப்பிவிட்டு அவர்களும் கும்பிடக் கிளம்பி, அத்தான் வழியில் நின்று பேசிய நேரத்தில் எங்களை முந்தி வந்திருந்தார்கள். நடு நாற்காலியில் வீட்டுக்காரர். உயரம், ஒல்லி, நரைத்த மீசை.

என் டாக்டர்.

நல்ல புத்தி இருக்கிறவன் எல்லாரையும் போல லேசாகக் குனிந்து காலைத் தொட்டிருப்பான். எனக்கு அந்த நிமிஷம் மூளையில் ஓடியது இது ஒன்றுதான்: என் வேலை இவர் கையில் இருக்கிறது, இவர் காலில் சும்மா விழுந்தால் பத்தாது. நம்ம ஊர்ப் பழக்கப்படி தொப்பென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். சாஷ்டாங்க நமஸ்காரம். மார்பு, வயிறு, இரண்டு பாக்கெட், எல்லாம் தரையில் அழுந்தப் பதிந்தன.

முதலில் நாரு உருண்டது. ஒன்று டாக்டரின் செருப்பில் மோதி நின்றது. இன்னொன்று கட்டிலுக்கடியில் போனது. கைக்குட்டை அவிழ்ந்து ரசகுல்லா தத்தித் தத்தி அதன் சொந்தக்காரியின் காலடிக்கே போய்ச் சேர்ந்தது. நான் எழுந்தபோது மால்புவாவின் பாகு ஜிப்பாவில் பெரிய மஞ்சள் வட்டமாகப் பரவியிருந்தது.

மீரா பௌதி குனிந்து ஒரு உருண்டையை எடுத்துப் பார்த்தார்.

“இது என் வீட்டு நாரு. எள்ளு போட்டுப் பண்றது நான் மட்டும்தான்.”

மற்றவர்களும் அவரவர் பண்டத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். திருட்டு நகைகளைப் பரப்பி வைத்த போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. அக்கா எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் காரணம் கேட்டார். திக்கித் திணறி எல்லாவற்றையும் கொட்டினேன். நோட்டை எடு என்றார். இடது பாக்கெட்டில் சந்தேஷோடு ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து நிதானமாகப் படித்தார்.

“லூச்சி ஆறு. பக்கத்துல கோடு. அப்படின்னா?”

“அது புஸ்தகத்துல இல்ல, சார்.”

“இனிப்புத் தயிர் ரெண்டு சட்டி?”

“அதுவும் இல்ல, சார்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். “என் சர்வீஸ்ல இவ்வளவு நேர்மையா ஒருத்தன் தப்புக் கணக்கு எழுதிப் பார்த்ததில்ல” என்றார். அவர் மீசை ஆடியது. அவ்வளவுதான், கூடமே கொல்லென்று சிரித்தது. மீரா பௌதி மட்டும் சிரிக்கவில்லை.

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே” என்றார்.

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு…”

“இப்ப சந்தோஷமா இருக்கேன்னு நினைக்கிறியா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், இந்த அம்மாள் முகம் இப்படி ஆகிவிட்டதே என்றுதான் இருந்தது. அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பிஜோயா அன்றைக்கு யார் மேலும் கோபம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டு, டாக்டர் வீட்டுத் தட்டிலிருந்து ஒரே ஒரு நாரு எடுத்து என் கையில் வைத்தார். எல்லார் முன்னாலும் சாப்பிட்டேன். இதற்குக் கோடு போடாதே என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை அதே டாக்டர் என்னைத் தராசில் ஏற்றி, எழுபத்தைந்தரை என்று ஒரு கிராம்கூடக் குறைக்காமல் எழுதினார். தகுதி இல்லை. ஆனால் சாயங்காலம் அவரே மானேஜரிடம் போய், இந்தப் பையனுக்கு இன்னும் மூன்று மாதம் கொடுங்கள், என் பொறுப்பு என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வாசலில் கைத்தடியோடு நின்றார். லேக்கைச் சுற்றி நடை. நான் மூச்சு வாங்குவேன், அவர் பேசிக்கொண்டே போவார்.

மீரா பௌதி தெரு முழுக்கத் தாக்கீது அனுப்பிவிட்டார், யாரும் எனக்கு லூச்சி தரக் கூடாது என்று. பொரியும் வெள்ளரிக்காயும், சுரைக்காய் வதக்கலும், பப்பாளியும், முளைகட்டிய பயறும் மாடிப்படி ஏறி வந்தன. நியூ மார்க்கெட் பூராவும் நான் தேடி அலைந்ததெல்லாம் அந்த அம்மாள் அடுக்களையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் நோட்டைத் திருத்துவார், கணக்கு டீச்சர் ஆயிற்றே, சிவப்பு மையில். சந்தேஷ் வீட்டு அம்மாள் ஒரு நாள் கடைத்தெருவில் என் பையைத் திறந்தே பார்த்துவிட்டார். பெற்ற தாய்கூட இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டாள். அந்த ஊருக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

மூன்று மாதம் கழித்து அறுபத்தெட்டு கிலோ. டாக்டர் படிவத்தைப் பூர்த்தி செய்து, உறையில் போட்டு ஒட்டி, நேரே மானேஜருக்கு அனுப்பினார். வேலை நிரந்தரமாயிற்று. அந்தக் காகிதம் என் சர்வீஸ் பைலில் முதல் தாளாக உட்கார்ந்தது. அதில் என்ன இருந்தது என்று ஓய்வு பெற்ற அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிரிவுபசாரக் கூட்டத்தில், அக்காவையும் என் மனைவியையும் முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, மானேஜர் அதை உரக்க வாசித்தார். பார்வை நன்று. காது நன்று. இதயம் நன்று. பணிக்குத் தகுதியுடையவர். கடைசியில் ‘குறிப்புகள்’ என்ற கட்டத்தில், டாக்டரின் அழகான கையெழுத்தில்:

‘பாக்கெட்டுகள் சோதிக்கப்பட்டன. காலி.’

மானேஜருக்கு ஒன்றும் புரியவில்லை, அக்கா சிரித்த சிரிப்பில் கூட்டமே நின்றுபோனது. போன வருஷம் என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை என் காலில் விழ வந்தபோது, மண்டபமே கேட்கும்படி அக்கா சொன்னாள்: “மாப்ள, கொஞ்சம் நில்லுங்க. மொதல்ல பாக்கெட்டக் காட்டிட்டு விழுங்க. எங்க குடும்பத்துல அதுதான் மொற.”