மாப்பிள்ளை குனிந்தால் போதும்

நோய் தீர வேண்டுமா? மாப்பிள்ளை குனிய வேண்டும். வேலை கிடைக்க வேண்டுமா? மாப்பிள்ளை குனிய வேண்டும். கோபித்துக்கொண்டு போன மருமகன் வீடு திரும்ப வேண்டுமா? அதற்கும் மாப்பிள்ளைதான் குனிய வேண்டும். ஒரே முதுகுக்கு இத்தனை வேலையா என்று யாரும் கேட்கவில்லை. விடிவதற்குள் ஏரிக்கரையில் வரிசை கட்டிவிடுவார்கள். இடம் பிடிக்கச் செருப்பு. செருப்புக்குக் காவலாக ஓர் ஆள்.

மாப்பிள்ளை என்பது ஒரு நாரை. ஆள் உயரம், சிவந்த தலை, சாம்பல் நிற இறக்கை. முன்பு ஜோடியாகத்தான் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்னால் பெண் பறவை மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது. அன்று முதல் இது தனியாக ஊருக்குள் நடக்கத் தொடங்கியது. அது தெருவைக் கடக்கும்வரை பேருந்து நிற்கும். மீன்காரர் பொடிமீன் போடுவார். வங்கி, முடிதிருத்தும் கடை, தையல் கடை என்று எந்த வாசலைக் கண்டாலும் நின்று, கழுத்தை வளைத்துக் குனியும். பெண் வீட்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று யாரோ சொல்ல, அதுவே பெயராகிவிட்டது.

அது அதிக நேரம் நின்றது கண்ணாடிக்கடை அக்காவின் வாசலில். தினமும் பத்து மணிக்கு வரும். எச்சம் போட்டுவிட்டுப் போகும். அக்கா திட்டிக்கொண்டே கழுவுவாள். ஆனாலும் தன்னைப் பார்க்கத்தான் வருகிறது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. பதினேழு வருடமாகக் கண்ணாடி வெட்டிய கை அவளுடையது. வெட்டுக்காயத்துக்குப் பயப்படாதவள், அந்த வரவு நின்றபோது வாடிப்போனாள்.

வரவு நிற்கக் காரணம், பறவையை ஏரிக்கரையிலேயே நிறுத்திக்கொண்ட தூதர். அவர் முன்பு குடை விற்றவர். மழை பொய்த்தது. குடை வியாபாரம் படுத்தது. ஞானம் எழுந்து உட்கார்ந்தது. "நான் யாருமில்லை, பறவையின் தூதன்" என்று அடக்கமாக அறிவித்துவிட்டு, நாற்காலிக்கு மட்டும் மெத்தை போட்டுக்கொண்டார். வெள்ளை உடை, நெஞ்சில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் உலோகத் தகடு. உண்மைகள் நெஞ்சைச் சுடுமாம், அதைத் தணிக்கத்தான் தகடாம். பறவை குனிந்தால் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னும் காலம் வரவில்லை. முதல் தடவையே யாருக்கும் காலம் வந்ததில்லை. காணிக்கை கனக்கக் கனக்கத்தான் காலம் வந்தது.

அக்காவின் தங்கை தையல் கடையில் காஜா எடுப்பவள். அவள் கழுத்தில் ஒரு கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை, தள்ளிப்போட்டால் பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை இரவு தங்கை சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றாள்.

"மாப்பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்கிச்சுக்கா. ரெண்டு தடவை. கத்தி வேண்டாம்னு அர்த்தமாம். ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொன்னாரு."

"என் கடையில நான் தும்மினாலே திருப்பிக்கும்டி அது. அதுக்கு என்ன அர்த்தம்?"

தங்கை கழுத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். பயந்தவளிடம் வாதம் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல. அக்கா அதோடு விட்டுவிட்டாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஏரிக்கரைக்குப் போய் வேடிக்கை பார்த்தாள். மற்றவர்கள் பறவையைப் பார்த்தார்கள். தொழில் புத்தி, அவள் தகட்டைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அப்படிப் பளபளப்பாகத் தேய்க்க அரை நாளாவது ஆகும். நெஞ்சைக் குளிர வைக்க எதற்கு இத்தனை மெருகு? தூதர் நெஞ்சை நிமிர்த்தினார், தகட்டுக்குள் ஒரு சிவந்த தலை தெரிந்தது, பறவை குனிந்தது. அடுத்த ஆளுக்கு அவர் பணிவாக மார்பின்மேல் கை கூப்பினார், தகடு மறைந்தது, பறவை திரும்பிக்கொண்டது.

அக்காவுக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, ஊர் ஏமாறுகிறது. இரண்டு, அது இத்தனை நாள் வந்தது தன்னைப் பார்க்க அல்ல, வாசலில் சாய்த்து வைத்திருந்த நிலைக்கண்ணாடியைப் பார்க்க. அதற்குள் அதன் ஜோடி இருந்தது. இரண்டாவதுதான் கொஞ்சம் வலித்தது.

புதன்கிழமை காலை தங்கையைக் கூட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் துணி போர்த்திய நிலைக்கண்ணாடியோடு வந்தாள். கரையோரக் குப்பைத்தொட்டியின்மேல் அதைச் சாய்த்து வைத்தாள்.

"தூதரே, இந்தத் தொட்டிக்கும் ஒரு குறை இருக்கு. ஊர் அழுக்கெல்லாம் இது தலையிலதான் விழுது. மாப்பிள்ளை என்ன சொல்றாருன்னு கேப்போம்."

துணியை இழுத்தாள்.

பறவை தூதரை விட்டு விலகி நடந்தது. தொட்டியின் முன் நின்றது. குனிந்தது. மறுபடி குனிந்தது. இறக்கையை விரித்து, துள்ளி, கழுத்தை உயர்த்திக் கூவியது. இதுவரை எந்த மனிதருக்கும் கிடைக்காத மரியாதை.

கூட்டம் தொட்டியைப் பார்த்தது, தூதரைப் பார்த்தது. தூதர் லேசுப்பட்டவரா? குப்பையிலும் தூய்மையைக் காண்பவர் நம் மாப்பிள்ளை என்று உருகினார். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் தொட்டியைப் பார்த்துக் கை கூப்பியே விட்டார். அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவுதானா?

அப்போது தங்கை முன்னால் வந்தாள். அவள் பார்வை பறவைமேல் இல்லை. கண்ணாடிக்குள் குனிந்துகொண்டிருந்த இன்னொரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கண்ணாடியைத் துணியால் மூடினாள். புதிதாகப் பொருத்திய கண்ணாடியில் யாரும் முட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போடுவது அக்காவின் வழக்கம். அந்தச் சுண்ணாம்பு டப்பாவைத் தங்கை அக்காவின் பையிலிருந்து எடுத்தாள். தூதரின் தகட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டு, உள்ளங்கையால் அதைத் தகடு முழுக்கப் பூசினாள்.

"சூடு தணியத்தானே தகடு? சுண்ணாம்பும் குளிர்ச்சிதான்," என்றாள். "என்னை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினீங்க. ரெண்டு தடவையும் நீங்க கை கூப்பி நின்னீங்க. இப்போ கையை எடுங்க. எனக்குக் குனிய வேண்டாம். உங்களுக்கே குனியட்டும்."

தூதர் நெஞ்சை நிமிர்த்தினார். பக்கவாட்டில் திரும்பினார். எம்பினார். மாப்பிள்ளை அவரை ஒரு கண்ணால் பார்த்தது. எச்சம் போட்டது. தண்ணீரில் இறங்கி ஒரு நத்தையைப் பிடித்து விழுங்கியது.

"கோபமாக இருக்கிறார்," என்றார் தூதர்.

"கோவத்துல நல்லா சாப்பிடுறாரு," என்றாள் மூன்று முறை காணிக்கை கொடுத்த ஓர் அம்மாள். முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது. அது வரிசையின் கடைசிச் செருப்புவரை போய்ச் சேர்வதற்குள் தூதர் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

வியாழக்கிழமை தங்கையின் கட்டியை எடுத்தார்கள். மறுநாள் கட்டுக்குள்ளிருந்து கரகரத்த குரலில் அவள் சொன்னாள்: "டாக்டர் குனிஞ்சாருக்கா. என் கழுத்தைப் பார்க்க."

மாப்பிள்ளை மறுபடி பத்து மணிக்குக் கடைக்கு வருகிறது. அக்கா நிலைக்கண்ணாடியைத் துடைத்து, அதன் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைக்கிறாள். ஏரிக்கரைக் குப்பைத்தொட்டியின்மேல் மட்டும் யாரோ இன்னும் தினமும் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கண்ணாடிக்குள் இருப்பது தன் நிழல்தான் என்று நாரைக்குத் தெரியாது; அதன் மூளை பாக்கு அளவு. பூ வைக்கிறவரே, உமக்கு?