வாசலில் மாட்டிய தங்க எழுத்துப் பலகை

எனக்குக் கோவையாக எழுத வராது, அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் தங்கைக்குப் போட்ட கடிதங்கள்தான். அவையும் பாதி, ‘நலம், நலமறிய ஆவல்’ என்ற இடத்திலேயே நின்றுபோயிருக்கும். இப்போது மறதி வேறு. சொல்லவேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைச் சொன்னாலும் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். கலியாணமான புதிதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது வேண்டாம் என்று தூக்கிப் போட்ட சாமானைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, எங்கேயாவது மாட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அது மலாயாவில் ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். துரைமார் பலர் பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிப் போனார்கள். எங்கள் ஊர் சிகாமட்டில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. மூடாத கடைக்குள் ஆற்று வெள்ளம் வந்தது. இப்படியெல்லாம் மிஞ்சிய சாமான்கள் லேலாங்குக்கு வரும். (ஏலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்.) லேலாங்கில் போகாதது கடைசியில் மரைக்காயருடைய பழைய சாமான் கடைக்கு வரும். அங்கேயும் போகாதது என் வீட்டுக்கு வரும்.

என் வீட்டுக்காரர் ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி. கடைத்தெருக் கோடியில், சீனத் தச்சருக்கும் தவ்வு என்ற சோயாக் கட்டி விற்கும் சீனத்திக்கும் நடுவே எங்கள் வாடகை வீடு. அதன் முன்னறையை நான் எப்படிச் சோடித்திருந்தேன் தெரியுமா? பாட்டுப் பெட்டியின் குழாயை மட்டும் வாங்கி, காகிதப் பூச் செருகி, உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தேன். (பாட்டுப் பெட்டி கிடையாது.) சைக்கிள் விளக்கு ஒன்று இருந்தது. (சைக்கிள் கிடையாது.) முள் இல்லாத சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் ராகுகாலமே வராது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். ஒரு நல்ல சட்டத்துக்காக வாங்கிய படத்தில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பின்பலகையைக் கழற்ற வரவில்லை. படம் மாட்டினால் மாலை போடவேண்டும் என்பது எனக்குத் தெரிந்த முறை. போட்டேன்.

“இது வீடா, லேலாங் கடையா?” என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்பார். நான் பதில் சொல்லமாட்டேன். எனக்குப் பேச வராது. வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். எனக்குப் பதிலாகச் சாமான்களாவது வந்தவரிடம் பேசட்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். பேசத்தான் செய்தன. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் நாத்தனார் ராசம்மா எங்களோடு இருந்தாள். அவள் எனக்கு நேர்மாறு. விழித்த நேரத்திலிருந்து படுக்கும் நேரம்வரை பேசுவாள். மார்க்கெட்டில் பேசிப் பேசியே மலாயும் சீனமும் கற்றுக்கொண்டவள். அந்த வாயாலேயே இரண்டு சம்பந்தம் போயிற்று. முதலில் வந்த மாப்பிள்ளையிடம், “ஒங்க ஒரு காது மட்டும் ஏன் மடிஞ்சிருக்கு?” என்று கேட்டாள். இரண்டாவது வந்த மாப்பிள்ளையின் அப்பா, பத்து மணி ரயிலில் வந்ததாகச் சொன்னார். “பத்து மணிக்கு ரயிலே கெடையாதே. சரக்கு வண்டியிலயா வந்தீங்க?” என்றாள்.

மூன்றாவதாக லாபிஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: “பொண்ணு கறுப்போ செவப்போ பரவால்ல. வாயாடியா மட்டும் இருக்கக் கூடாது.”

இதுவும் தட்டிப்போனால் ராசம்மாவை மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கும் ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிடுவதாக என் மாமனார் கடிதம் எழுதிவிட்டார். அந்தப் பெரியவருக்கும் என் மாமனாருக்கும் ஒரே வயது. கடிதத்தைப் படித்த அன்றைக்கு ராசம்மா சாயங்காலம்வரை பேசவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

“ராசம்மா, அவங்க வந்து திரும்பிப் போறவரைக்கும் நீ வாயே தொறக்கக் கூடாது. வீடு தீப்பிடிச்சாலும் தொறக்கக் கூடாது” என்று நான் சொன்னேன்.

“பக்கத்து வீடு தீப்பிடிச்சா, அண்ணி?”

“அதுக்கும் தொறக்கக் கூடாது!”

சரி, பெண் அடக்கமாக இருப்பாள். வீடும் கௌரவமாக இருக்கவேண்டாமா? உள்ளே இவ்வளவு அழகு இருக்க, வாசல் மொட்டையாக இருந்தது. மரைக்காயர் கடைக்கு ஓடினேன். அங்கே சுவரில் சாய்ந்திருந்தது அந்தப் பலகை. கறுப்பு அரக்குப் பூசிய பலகை, நாலு மூலையிலும் செதுக்கிய பூ, நடுவிலே தங்கப் பூச்சில் பெரிய பெரிய சீன எழுத்து. என் கண்ணுக்கு அது கோயில் கதவு மாதிரி தெரிந்தது.

“காக்கா, இதுல என்னா எழுதியிருக்கு?” என்று அவரிடம் மட்டும் எனக்குக் கேட்க வரும். (மரைக்காயரை அண்ணன் முறையில் காக்கா என்போம்.)

“எனக்கு எங்க புள்ள சீனம் தெரியும்? ஆனா ஒண்ணு. தங்கத்துல எழுதறவன் கெட்டதையா எழுதியிருப்பான்?”

நியாயமாகத்தான் பட்டது. ராசம்மாவும் பார்த்தாள். அவளுக்குச் சீனம் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. “அழகா இருக்கு அண்ணி, லட்சுமி கடாட்சம்னு எழுதியிருக்கும்” என்றாள். வாசல் நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம்.

அதற்குப் பிறகு தெருவே எங்களை மரியாதையாகப் பார்த்தது. தச்சர் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். தவ்வுக்காரச் சீனத்தி இரண்டு கட்டி அதிகம் வைத்தாள். மறுநாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சிச் சீனத்தி வந்து நின்று, பதினேழு வயதான என்னை உச்சிமுதல் கால்வரை பார்த்து, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம் பலகையைப் பார்த்துப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். (எவ்வளவு அறிவு பாருங்கள்!)

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அப்பா கங்காணி, அம்மா கங்காணியம்மா மூவரும் வந்தார்கள். கங்காணியம்மா கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உருவம். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை, இடுப்பிலே சாவிக்கொத்து. உட்கார்ந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார். பாட்டுக் குழாயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மாலை போட்ட படத்திடம் வந்து நின்றுவிட்டார்.

“இது யாரு?”

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “அது... எங்க வீட்டு அம்மா வழியில” என்றார்.

“எப்போ தவறிப் போனாங்க?”

“போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க” என்று உளறினார்.

கங்காணியம்மா ‘ச்சு’ கொட்டினார். அந்த நேரம் பார்த்து ராசம்மா கோப்பித் தட்டோடு வந்தாள். தலை குனிந்தபடி, பிடித்துவைத்த சாமி மாதிரி நின்றாள். “பேரு என்னம்மா?” என்று கேட்டதற்கு இன்னும் கீழே குனிந்தாள். கங்காணியம்மா முகத்தில் முதல் சிரிப்பு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழப்போகிற நேரம்.

அப்போதுதான் வாசலில் ஒரு சைக்கிள் தடாலென்று விழுந்தது. அரைக்கால் சட்டையும் சேற்றுக் காலுமாக ஒரு சீனர் உள்ளே ஓடிவந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காய்கறி போடுகிற ஆள். மூச்சு வாங்க, “செப்பாட்! செப்பாட்!” என்றார். சீக்கிரம், சீக்கிரம் என்ற அந்த ஒரு மலாய்ச் சொல் எங்களுக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் மழையாகக் கொட்டிய சீனம். அவர் என் கையைப் பிடிக்க வந்தார். நான் அலறக்கூட வெட்கப்பட்டு, ஓடிப்போய்க் கங்காணியம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் கங்காணியம்மாவைப் பார்த்தார். வெள்ளைச் சேலையைப் பார்த்தார், சாவிக்கொத்தைப் பார்த்தார். தேடி வந்த ஆள் இவர்தான் என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. இரண்டு கையாலும் கங்காணியம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

“அடேய்! யார்ரா நீ? விடுடா! என்னாங்க, பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கீங்க?”

கங்காணியின் வாய் நிறையக் கேசரி. அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை எழுந்தார், தொங்கிய குழாயில் தலை இடித்து மறுபடி உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அந்தச் சீனரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார்.

ராசம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். கண்ணை உருட்டினாள். அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்திருக்கிறது! உதடு திறக்கப் பார்த்தது. எனக்கோ அவள் பேசினால் சம்பந்தம் போய்விடும் என்ற ஒரே நினைப்பு. ஓடிப்போய்த் தொடையில் ஒரு கிள்ளு. “மூச்சு விடாத!” என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலே தண்ணீர் வந்தது.

வாசலில் அந்தச் சீனர் தன் வயிற்றுக்கு முன்னால் காற்றிலே பெரிய உருண்டை போட்டுக் காட்டினார். பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டினார். பிறகு ஓவென்று அழுதார். ஒன்பது பெற்றவர் கங்காணியம்மா. கோபம் சட்டென்று நின்றது. “பிள்ளை வலியாடா?” என்றார். அவ்வளவுதான். அந்தச் சீனருக்குக் கூடை கூடையாகப் பூசணி ஏற்றிப் பழகிய கை. ஒரே தூக்கில் கங்காணியம்மாவைச் சைக்கிளின் பின்பக்கம் உட்காரவைத்து மிதித்துவிட்டார். சைக்கிள் ஆடிக்கொண்டே தெருமுனை திரும்பியது. “ஏங்க... ஏங்க...” என்ற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிப்போய், செருப்பு அறுந்து திரும்பி வந்தார்.

நான் ராசம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். “இப்பச் சொல்லு, மெதுவா.”

“அவன் பொண்டாட்டிக்கு வலி கண்டிருக்கு அண்ணி! மருத்துவச்சி வேணும்னு வந்திருக்கான். நம்ம வாசப் பலகையில மருத்துவச்சின்னு எழுதியிருக்காம். வீட்டுல இருக்கிற தாயே வான்னு கூப்புடுறான். நான் அப்பவே சொல்லியிருப்பேன். நீங்க கிள்ளுனதுல பாருங்க, ரத்தம் கட்டிப்போச்சு!”

தச்சரிடம் ஆள் அனுப்பிக் கேட்டதில் அதுவே உண்மை என்று தெரிந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு மருத்துவச்சியின் பலகை அது. அதை மாட்டிவைத்துத்தான் நான் சம்பந்தி வீட்டாரை வரவேற்றிருக்கிறேன்.

முன்னறையில் என் வீட்டுக்காரர் கங்காணியின் காலில் விழாத குறை. “மாமா, போலீசுக்குப் போலாமா?”

கங்காணி நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். “எதுக்குத் தம்பி? அவள யாரு தூக்கிட்டுப் போனாலும், தானே கொண்டாந்து விட்டுருவான். இன்னும் கொஞ்சம் கேசரி இருக்குமா?”

நான்கு மணி நேரம். (கடிகாரத்தில் முள் இல்லாததால் கங்காணியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.) ராசம்மா அவ்வளவு நேரமும் முன்னறை மூலையில் தலை குனிந்தே நின்றாள். நான் உள்ளே உட்கார்ந்து, அந்தப் பெரியவரின் மூன்று பிள்ளைகளை இவள் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதை நினைத்து அழுதேன். என் ஆசைக்கு அவள் பலியாகிவிட்டாள் என்று அழுதேன். அழுதுகொண்டே கேசரி கிண்டினேன்.

பொழுது சாய்கிற நேரம் அதே சைக்கிள் வந்தது. இந்த முறை கங்காணியம்மா ராணி மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தலைகீழாக ஒரு கோழி, மறு கையில் ஒரு கட்டு இஞ்சி. சேலை முழுக்கச் சேறு. அந்தச் சீனர் அவரை இறக்கிவிட்டு, மூன்று தடவை குனிந்து கும்பிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

கங்காணியம்மா கோழியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

“கொடி சுத்திக்கிட்டு இருந்துச்சு” என்றார். “இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா போயிருக்கும். நல்லா இருக்கு. தாயும் நல்லா இருக்கா.” பிறகு அறையை மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “இது பைத்தியக்கார வீடு.”

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டார். எல்லாம் முடிந்தது.

“ஆனா,” என்று ராசம்மாவைக் காட்டினார் கங்காணியம்மா, “பொண்ணுன்னா இது பொண்ணு. என்னய ஒருத்தன் மூட்டயாட்டம் தூக்கிட்டுப் போறான். ஊரே கத்துது. இந்தப் புள்ள ஒரு சத்தம் போட்டுச்சா? கண்ணு கலங்கி, உதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எனக்காக அழுத புள்ள. இப்பிடி ஒரு அடக்கத்த நான் பாத்ததே இல்ல. தையில நாள் குறிங்க.”

ராசம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வேகமாகத் தலையாட்டினேன். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

மறுநாளே பலகையைக் கழற்றி, எழுத்து கீழே வர, அடுப்படியில் மசாலை டப்பா வைக்கும் தட்டாகப் போட்டுவிட்டோம். தை மாதம் கலியாணம் நடந்தது. தாலி ஏறும்வரை ராசம்மா வாயைத் திறக்கவில்லை. மறுவீடு வந்துபோன மறுநாள் திறந்தாள்.

பங்குனியில் கங்காணியம்மா தனியாக ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் தங்கினார். “சும்மா, அமைதியா இருக்கலாம்னு வந்தேன்” என்றார். கிளம்பும்போது என் காதைப் பிடித்து, “புள்ளப்பூச்சி மாதிரி இருந்துக்கிட்டு என்னய ஏமாத்திப்புட்டியேடி” என்றார். ஆனால் கடைசிவரை அவரும் ராசம்மாவும் ஒருவரை விட்டு ஒருவர் இருந்ததில்லை. ஒருத்தி பேசுவாள், ஒருத்தி திட்டுவாள். அதிலேயே முப்பது வருஷம் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது பெண் பார்த்துவிட்டு வந்து, “ரொம்ப அடக்கமான பொண்ணு” என்று சொன்னால் போதும். “மாமியாரைச் சைக்கிள்ல ஏத்திப் பாத்தாச்சா?” என்று நாலு பக்கமும் கேட்பார்கள். புதிதாக வரும் மருமகள்களுக்கு ஒன்றும் புரியாது. பாவம், விழிப்பார்கள்.

ஒரு விண்ணப்பம். அன்றைக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்பது எனக்கு மறந்துவிட்டது. மாப்பிள்ளை தலையை இடித்துக்கொண்டது ஒரு தடவையா, இரண்டு தடவையா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. யாராவது லாபிஸ் பக்கம் போனால் ராசம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்து இதில் திருத்திவிடுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.