நூற்றெட்டு உதை

ஆயுத பூஜையன்று வேங்கடசுப்ரமணியன் ஒரு சபதம் செய்தார். இனி இந்த ஜன்மத்தில் குர்லா ஸ்டேஷனில் ரயில் மாறுவதில்லை.

சபதத்துக்குக் காரணம் கீழே வாசலில் நின்றது. தாதரில் ஒரு பார்ஸிக் கிழவரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய மோட்டார் சைக்கிள். அறுபத்து நாலாம் வருஷம், மாட்டுங்காவின் அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரே கிளார்க் அவர்தான். மாட்டுங்காவில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் பஸ் பிடித்து டிராம்பே ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் காலையில் வைத்த விபூதி காதுவரை வழிந்துவிடும். இனி அந்த அவஸ்தை இல்லை.

வண்டியைக் குளிப்பாட்டினார். மாலை போட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பொட்டு வைக்கப் போனபோதுதான் சந்தேகம் வந்தது. வண்டிக்கு நெற்றி எது? ஹெட்லைட் கண். ஹாண்டில்பார் கொம்பு. கொம்புக்குக் கீழே நடுவில், வட்டமாக, பளபளவென்று பெட்ரோல் டாங்கின் மூடி. சந்தேகமே இல்லை, நெற்றிதான். ரூபாய் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் இட்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப்பொட்டு.

அடுத்த வாரத்திலிருந்து வண்டி காலையில் கிளம்ப மறுத்தது.

உதைத்தார். இருமியது. மறுபடி உதைத்தார். இருமக்கூட இல்லை. மாடி பால்கனியில் வாலாம்பாள் மாமி ஜபமாலையோடு உட்கார்ந்திருப்பாள். ஓர் உதைக்கு ஒரு 'ராமா'. நூற்றெட்டு முடிந்தும் வண்டி நின்ற நாட்கள் உண்டு. வேங்கடசுப்ரமணியன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார்.

"ஏன்னா, பேசாம அதை அந்தப் பார்ஸி கிட்டயே குடுத்துடலாமே" என்றாள் அவர் மனைவி ஷ்யாமளா.

"உனக்கு மெஷின் விஷயமெல்லாம் புரியாது."

"அதுக்குப் புரியறதா, நீங்க உதைக்கறது?"

ப்ளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவினார். ஒரு தரம் கோபத்தில் ஹாரனைக்கூடக் கழற்றிப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், பெட்ரோல் பங்கில் மட்டும் வண்டி முதல் உதையிலேயே கிளம்பும். வயிறு நிறைந்தால்தான் வேலை செய்கிற பிறவி என்று முடிவு கட்டினார். அதற்காக தினம் விருந்து வைக்க முடியுமா?

கடைசியில் தாராவியிலிருந்து மெக்கானிக் ஹமீது வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வண்டியைச் சுற்றி வந்தான். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். மூடினான். ஒரே உதை. தெரு அதிர்ந்தது.

"வண்டி சொக்கத் தங்கம்லா சார். ஏக்தம் டீக். நீங்க ஒதைக்க ஒதையிலதான் கோளாறு."

"என் உதையிலயா?"

"கால்ல வெறுப்பு தெரியுது சார். வண்டிக்குத் தெரிஞ்சுரும்லா."

மறுநாளிலிருந்து அன்பாக உதைத்தார். பயனில்லை.

தீபாவளி கழிந்ததும் ஷ்யாமளாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஹிந்திப் பரீட்சை எல்லாவற்றையும் பாஸ் செய்துவிட்டு, எட்டு வருஷமாகக் காய்கறிக்காரியிடம் மட்டும் ஹிந்தி பேசிக்கொண்டிருந்தவள் அவள். நவராத்திரிக்கே அவள் மனுப் போட்டிருந்த செம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சர் வேலை. திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வேங்கடசுப்ரமணியனுக்கு இஷ்டமில்லை. 'கூடாது' என்று சொல்லவும் தைரியமில்லை. வாலாம்பாள் மாமி உறைமோர் வாங்க வந்திருந்தாள். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு அபார யோசனை உதித்தது.

"வேலைக்குப் போறதை நான் தடுக்கலை. ஆனா குர்லாவில அந்தக் கூட்டத்தில இடிபட்டு நீ போகவேண்டாம். என்னிக்கு என் வண்டி ஒரே உதையில கிளம்பறதோ, அன்னிலேர்ந்து நானே உன்னைப் பின்னால உட்கார்த்திண்டு போய் விடறேன்."

"திங்கட்கிழமை கிளம்பித்துன்னா?"

"திங்கட்கிழமையே."

"மாமி, கேட்டேளா?"

"கேட்டேன்டீம்மா. வேங்கட்டு வாக்குக் குடுத்துட்டான். நான் சாட்சி."

வேங்கடசுப்ரமணியன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். வண்டி கிளம்பாததில் முதல் தடவையாக அவருக்கு ஒரு சந்தோஷம்.

திங்கட்கிழமை காலை ஷ்யாமளா கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கைப்பையும் டிபன் டப்பாவுமாக வாசலில் நின்றாள். மேலே ஜபமாலை தயாராக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் ஷ்யாமளா.

அவர் காலை வைத்தார். உதை என்று சொல்வதே மிகை. செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு. வண்டி பட்டாசுக் கடை தீப்பிடித்தாற்போல் கிளம்பியது. மாமி 'ரா' வரைக்கும்தான் வந்திருந்தாள்.

வண்டி சயானைத் தாண்டியது. பின்னால் ஷ்யாமளா அவர் தோளைப் பிடித்தபடி கடைப் பலகைகளை எல்லாம் ஹிந்தியில் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். எட்டு வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது. வண்டி நிற்காமல் ஓடியதும்தான்.

பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கினாள்.

"என்னடி பண்ணினே?"

அவள் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துக் காட்டினாள். முனையில் காய்ந்த சந்தனம்.

"எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் விழுமோ?"

"விழாது. எதிர்ப்பக்கம் காத்துக்கு ஒண்ணு போடணும்."

"பெட்ரோல் டாங்கும் டின்னுதானே? அதோட மூடியில ஊசி முனையாட்டம் ஒரு ஓட்டை இருக்கு. அதை நீங்க வாராவாரம் சந்தனத்தால அடைச்சேள். காத்து போகலைன்னா பெட்ரோல் எப்படி இறங்கும்? பங்கில மூடியைத் திறந்தா, கிளம்பித்து. ஹமீது திறந்தான், அப்பவும் கிளம்பித்து. அவன் திறந்தப்போ 'உஸ்'ஸுனு ஒரு சத்தம், ஜன்னல்லேர்ந்து நான் கேட்டேன். நீங்க அவன் காலையே பாத்துண்டிருந்தேள்."

"அப்பவே தெரியுமா? மூணு வாரமா என்னை உதைக்க விட்டயே! சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வண்டிதான் கிளம்பியிருக்கும். நான் கிளம்பியிருக்க மாட்டேன்."

மணி அடித்தது. அவள் உள்ளே போனாள். ஐம்பது குழந்தைகள் "நமஸ்தே பஹன்ஜி" என்று இழுத்தது தெருவரை கேட்டது. வேங்கடசுப்ரமணியன் அன்று ஆபீசுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைப் பொட்டு ஷ்யாமளாவின் பொறுப்பு. ஹெட்லைட்டுக்கு மேலே, அழகாக, சின்னதாக வைப்பாள். இரண்டு மாதம் வண்டி கடிகாரம்போல் ஓடியது. பொங்கல் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"வர வருஷம் வேலையை விட்டுடலாமே, ஷ்யாமளா. சாயங்காலக் காப்பி கொஞ்சம் தாமதமாறது."

அவள் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சேர்த்து அரைத்தாள்.

சனிக்கிழமை காலை வண்டி கிளம்பவில்லை. நாற்பதாவது உதையில்தான் அவர் குனிந்து டாங்கின் மூடியைப் பார்த்தார். ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"காப்பி எப்ப வந்தாலும் சரிதான்" என்றார் சன்னமாக.

ஷ்யாமளா கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள்.

மேலிருந்து வாலாம்பாள் மாமியின் குரல் வந்தது: "ஏண்டா வேங்கட்டு, இன்னும் அறுபத்தெட்டு பாக்கி இருக்கே. அதுக்குள்ளயா?"