நவரத்ன நாட்டின் எதிர்க்கரை

1984-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கல்கத்தா கரியாஹாட்டில் மின்சாரம் போயிருந்த ஒரு மாடி அறையில், உலக சரித்திரத்தின் மிக நாகரிகமான நாடு பிறந்தது. மற்ற நாடுகள் போரில் பிறந்தன. புரட்சியில் பிறந்தன. இது போண்டா சாப்பிடும்போது பிறந்தது.

பிறக்கச் செய்தது தென்கல்கத்தா தமிழ் நல்வாழ்வு மன்றம். அதன் தலைவர் ரங்கராஜனுக்கு சிகாகோவிலிருந்து தங்கை மகன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே ஒரு புத்தகம், பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகள், இல்லாத ஒரு நாட்டின் வரைபடம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் தங்களை வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாவித்துக்கொண்டு, வரைபடத்தில் பயணம் போய்ப் பூதங்களோடு சண்டையிடுவார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. மன்றம் இதுவரை தமிழுக்குச் செய்துவந்த தொண்டும் அந்த வகைதான் என்பதால், ஆட்டம் உடனே பிடித்துப்போயிற்று.

"தமிழ்ல இந்த மாதிரி புஸ்தகம் நாமதான் முதல்ல போடணும். மெட்ராஸ்காரா முழிச்சுக்கறதுக்குள்ள," என்றார் ரங்கராஜன்.

"மேப் இல்லாம புக்கு இல்ல சார்," என்றார் செயலாளர் வீரபாண்டியன். இன்ஷூரன்ஸ் அதிகாரி. "நம்ம ஆர்ட்டிஸ்ட் இருக்காருல்ல, வேதாச்சலம். அவரைப் போடச் சொல்லிடுவோம்."

வேதாச்சலம் கதவோரம் நின்று பொங்கல் விழாத் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பிழைப்புக்குத் தலைமுடித் தைலத்துக்கு லேபிள் வரைபவன். மன்றத்தின் மேடைத் திரைகளை வரைவது அவனுடைய 'கௌரவப் பணி'. கௌரவம் இதுதான்: விழா விருந்தில் உறுப்பினர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு, கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு அவனுக்கும் இலை விழும். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும். பரிமாறுகிறவர்களும் போயிருப்பார்கள்.

வேதாச்சலத்துக்கு ஓர் ஆசை இருந்தது. ஆயுள் உறுப்பினர் ஆக வேண்டும். முதல் பந்தியில் ஓர் இலை. சாம்ராஜ்யங்கள் இதைவிடச் சின்ன ஆசைகளில் எழுந்திருக்கின்றன.

"நன்னா முடிச்சுக் கொடும்," என்றார் ரங்கராஜன். "வருஷப் பிறப்பன்னிக்கு உம்மை லைஃப் மெம்பர் ஆக்கிடறோம். ஆமா, உமக்கு ஜாகை எங்க?"

"இங்கதான் சார். மார்க்கெட்டுக்குப் பின்னாடி."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் இந்தப் பக்கம்தான் சார்."

அவன் பிறந்தது ஆற்றுக்கு மேற்குக் கரையிலுள்ள ஹவுராவில், ஒரு பட்டறையின் பின்னால் இருந்த லைன் வீட்டில். அப்பா கலியன் அந்தப் பட்டறையில் சம்மட்டி அடித்தவர். அக்கா நாகம்மா இன்னும் அதே வீட்டில் இருந்துகொண்டு படித்துறையில் இட்லி விற்கிறாள். ஆனால் ஓர் ஆற்றின் எந்தக் கரையும், அங்கே நின்று பார்த்தால் 'இந்தப் பக்கம்'தான். வேதாச்சலம் பொய் சொல்லும் வழக்கமுள்ளவன் அல்ல.

மாசியில் வரைபடம் பாதி தயாரானது. நடுவில் ஆறு. கிழக்குக் கரையில் ஒன்பது சீமைகள். சீமைக்கு ஓர் ஆபத்து என்று நியாயமாகப் பங்கிட்டிருந்தான். மேற்குக் கரையை இன்னும் தொடவில்லை. செயற்குழு பார்த்தது, மகிழ்ந்தது, சீமைகளை உடனே தன் குடும்பங்களுக்குள் பிரித்துக்கொண்டது. தலைவருக்கு மாணிக்கம். செயலாளருக்கு வைரம். பொருளாளர் ஜெயலக்ஷ்மிக்கு முத்து. அவர் பெண்கள் கல்லூரியில் பேராசிரியை. பிரித்த பிறகுதான் ஆட்சேபங்கள் வந்தன. சொத்து என்று ஆகிவிட்டால் யாருக்கும் பொறுப்பு வந்துவிடும்.

"என் முத்துச் சீமையில சேறும் சகதியுமா இருக்கே," என்றார் ஜெயலக்ஷ்மி. "கொசு வராதோ?"

"கற்பனைச் சேறுதான் மேடம்."

"கற்பனைன்னா நல்லதா பண்ணப்படாதா? பார்க் போடுங்கோ."

பார்க் போடப்பட்டது.

"என் சீமையில கொள்ளைக்காரன் குகை இருக்குதே," என்றார் வீரபாண்டியன். "எங்க மாமனார் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

குகை இருந்த இடத்தில் ஒரு பாங்கு வந்தது. வாசலை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாணிக்கச் சீமை மலையில் தீயைக் கக்கிக்கொண்டிருந்த பறக்கும் பாம்பு காலிசெய்து போனது. அங்கே குளிரூட்டப்பட்ட சங்கீத சபா எழுந்தது. பங்குனிக்குள் நவரத்ன நாட்டில் ஏழு பார்க்குகள், நான்கு சபாக்கள், எங்கே பார்த்தாலும் நல்ல காப்பி. ஆபத்து என்று சொல்ல, சபாச் செயலாளர்கள் மட்டுமே மிச்சம்.

"பூதம் இல்லாம ஆட்டம் இல்ல சார்," என்றான் வேதாச்சலம். "வீரன் கத்தியை எடுத்துக்கிட்டு எங்க போவான்?"

இது நாகரிகங்கள் தம் வாழ்நாளில் ஒருமுறை எதிர்கொள்ளும் கேள்வி.

"பாங்குக்குப் போய் க்யூல நிக்கட்டும்," என்றார் வீரபாண்டியன். அந்த யோசனைக்கு ஆதரவு கிடைக்கவில்லை.

ஜெயலக்ஷ்மி வரைபடத்தின் மேல் குனிந்தார். "ஆத்துக்கு அந்தண்டை காலியாத்தானே இருக்கு?"

"அங்க இன்னும் ஒண்ணும் போடல மேடம்."

"அங்க நம்ம மெம்பர் யாராவது இருக்காளா?"

வீரபாண்டியன் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தார். "யாருமே இல்லீங்க."

"அப்ப எல்லாத்தையும் அங்க கொண்டுபோய் வெச்சுடுங்கோ."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மன்றம் ஜனநாயகத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உடையது. பாதிக்கப்படக்கூடியவர் எவரும் அறையில் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வாக்கெடுக்கும். வேதாச்சலம் அறையில் இருந்தான். ஆனால் அவன் இன்னும் உறுப்பினர் அல்லவே.

"என்ன ஓய், மூஞ்சி ஒரு மாதிரி போறது? கஷ்டமா?" என்றார் ரங்கராஜன்.

"இல்ல சார். சுலபம்."

சுலபமாகத்தான் இருந்தது. கிழக்குக் கரைக்குக் கை பல தடவை நின்றது. மேற்குக் கரைக்கு ஒரு தடவையும் நிற்கவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய குகைகளின் வரிசை. அத்தனைக்கும் ஒரே கூரை. நடுவில் ஒரு குழாய். குழாயடியில் குடத்தோடு பூதங்கள். பின்னால் புகைபோக்கிகள். ஆற்றுக்குள் இறங்கும் வழுக்குப் படிகள். ஒவ்வொரு தலைக்கும் அவன் கொம்பு வைத்தான். வேண்டியது அவ்வளவுதான் என்று கண்டுகொண்டான்.

செயற்குழு மேஜையைச் சுற்றி மொய்த்தது.

"நேர்ல பார்த்தாப்பல இருக்கேய்யா!" என்றார் ரங்கராஜன். "எங்கேர்ந்து ஓய் பிடிச்சீர்?"

"கற்பனைதான் சார்."

"ரொம்ப ஒரிஜினல்," என்றார் ஜெயலக்ஷ்மி. "அந்த மூஞ்சிகளைப் பார்த்தாலே பயமா இருக்கு. ஆனா ஒண்ணு. இந்தப் பாலம் எதுக்கு?"

"வீரன் அந்தப் பக்கம் போகணுமே மேடம்."

"போகட்டும். அதுகள் இந்தப் பக்கம் வந்துடுமே!"

பாலத்தின் கிழக்கு முனையில் இரும்புக் கதவு போடத் தீர்மானமாயிற்று. வீரபாண்டியனுக்கு மட்டும் ஒரு நியாயமான சந்தேகம். "கதவைப் பூட்டிட்டா காலையில பாத்திரம் தேய்க்க ஆளு எப்படி வரும்?"

அது மற்றவர்களுக்குத் தோன்றாமல் போயிருந்தது. கதவில் சின்னதாக ஒரு திட்டிவாசல் சேர்க்கப்பட்டது. குனிந்து வர வேண்டும். காலையில் மட்டும் திறக்கும்.

புத்தகம் ஹவுராவில் அச்சானது. தமிழ் எழுத்து வைத்திருந்த அச்சகங்களில் அங்கேதான் கூலி மலிவு. பூத நாட்டை அச்சடிக்கும் பொறுப்பு அந்த நாட்டவரிடமே ஒப்படைக்கப்பட்டது. மன்றத்தின் பரந்த மனசுக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சித்திரை முதல் நாள் வெளியீடு. ரங்கராஜன் பேசினார். வீரபாண்டியன் பேசினார். அவர்கள் பேசியதைப் பாராட்டி ஜெயலக்ஷ்மி பேசினார். வரைபடம் 'ஒரு சமுதாயத்தின் கனவு' என்று சொல்லப்பட்டது. அதில் பிழை இல்லை. பிறகு வேதாச்சலத்தின் பெயரைச் சொல்லி, மாலை போட்டு, ஆயுள் உறுப்பினர் என்று அறிவித்தார்கள்.

முதல் பந்தி. தலைவருக்கு அடுத்த இலை. வேதாச்சலம் புது வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பாயசம் சூடாக வந்தது. இலை ஓரத்தில் விழுந்த அதை அவன் கொஞ்ச நேரம் தொடாமல் பார்த்தான்.

கூடத்து வாசலில் ஒரு பெண்பிள்ளை நின்று பந்தியைக் கண்ணால் தேடினாள். படகில் வந்ததில் சேலைக் கரை நனைந்திருந்தது. அக்குளில் ஒரு மடித்த தாள்.

"சமையல் ஆளெல்லாம் பின்பக்கமா வரணும்மா," என்றார் ரங்கராஜன்.

நாகம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. நேரே வந்து தம்பியின் இலைக்கு எதிரில் குந்தினாள்.

"அடேய் வேதா! மாலையெல்லாம் போட்டிருக்காங்க? மாப்பிள்ளை கணக்கால்ல இருக்கே."

"அக்கா, நீ எங்க இங்க..."

"ஏன், வரக் கூடாதா? நம்ம பிரஸ்ஸுக்காரப் பய இட்லி கட்டக் கழிவுத் தாள் கொண்டாந்து போடுவான்ல. இது உன் தம்பி போட்ட படம்க்கா, பேரு அச்சாயிருக்கு, இன்னிக்கு இங்க விழான்னான். எனக்கு எங்க படிக்க வருது? ஆனா படம் தெரியுமே. அதுல இட்லி கட்ட மனசு வரல. எடுத்து வச்சிட்டேன்."

தாளை இலைக்கு முன்னால் பிரித்தாள். பந்தி மெல்லுவதை நிறுத்தியது. ஜெயலக்ஷ்மி இடது கையால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்படியே எழுதிட்டியேடா, நம்ம லைனை. குழா, சிம்னி, படித்துறை, ஒண்ணு விடல. அப்பா உக்காந்து பீடி குடிக்கிற கல்லு கூட இருக்கு. பார்த்துட்டு அழுதுட்டேன், போ."

ரங்கராஜன் தன் இலையை, சத்தமில்லாமல், சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நாகம்மா தாளின் மேல் விரலை மெல்ல ஊரவிட்டுக் கொண்டுபோய் ஒரு குகை வாசலில் நிறுத்தினாள்.

"ஆனா இந்தா, நம்ம வாசல்ல, கையில கரண்டியும் தலையில கொம்புமா ஒருத்தி நிக்கிறாளே. இது யாருடா வேதா, நானா?"