வெள்ளைக் கார் நிற்காத வாசல்

வெள்ளைக் கார் இன்றைக்கும் கிமாருவின் வாசலில் நிற்கவில்லை.

தூரத்தில் புழுதி கிளம்பியதைப் பார்த்ததுமே முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, வேலிப் படலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கார் அவனைத் தாண்டிப் போய், அடுத்த வளைவில், சகலை தனுயியின் வீட்டு முன்னால் நின்றது. புழுதி மட்டும் கிமாருவின் சட்டையில் நின்றது.

நைரோபியிலிருந்து வரும் அந்தக் காரில் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் இருப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஓட்டக்காரனை எழுப்பி, மூத்திரம் பிடித்துக்கொண்டு போவார்கள். கேட்க அசிங்கமாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்கு ஓர் ஓட்டக்காரன் இருக்கும் அந்த மேட்டுக் கிராமத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஜெயிக்கிறவனிடம்தான் கேட்பார்கள். தோற்கிறவன் மூத்திரம் யாருக்கு வேண்டும்?

"மாப்ளே!" மாமனார் சொங்கோக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். காரைக் கண்டாலே அவர் பெரிய மருமகன் தனுயியின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "இன்னிக்கும் உங்க வீட்டைத் தாண்டிட்டானுங்களா?"

"வழி தெரிஞ்சிருக்காது மாமா."

"எப்படித் தெரியாது? தாண்டித் தாண்டியே உங்க வாசல்ல ரோடு பள்ளமாயிடுச்சு!"

தனுயி சிரிக்கவில்லை. அதுதான் கிமாருவுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அன்று மதியம் அவன் ஏஜென்ட் கிபெட்டைப் பார்க்கப் போனான். அக்டோபரில் வெளிநாட்டில் ஒரு மாரத்தான். கிமாருவுக்கு முப்பத்துமூன்று வயது. இதை விட்டால் அடுத்தது மாட்டுக் கொட்டகைதான்.

"பந்தயம் நடத்தறவங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க கிமாரு," என்றார் கிபெட். "நம்ம பக்கம் நிறைய பேர் மாட்டிட்டாங்கல்ல. அதனால ஏற்கனவே சோதனை பண்ணி, சுத்தம்னு தெரிஞ்ச ஆளை மட்டும்தான் அனுப்பணுமாம்."

"அப்ப என்னைச் சோதிக்கச் சொல்லுங்களேன். நான் இப்பவே ரெடி."

"கேட்டு வாங்கிக் குடிக்க இது என்ன டீயா? அவங்களா வரணும். திடீர்னு வரணும்."

"ஏன் என்கிட்ட மட்டும் வர மாட்டேங்கறாங்க?"

"போன பந்தயத்துல எத்தனாவது வந்தே?"

"பதினாலு."

கிபெட் மேஜையில் இருந்த ஈயை விரட்டினார்.

திரும்பும் வழியில், மைதானத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிமாரு பார்த்தான். 'ஊக்கமருந்து பயன்படுத்துபவரைப் பற்றித் தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.' கீழே ஒரு போன் நம்பர். எத்தனையோ வருடமாக அதைக் கடந்து ஓடியிருக்கிறான். அன்றுதான் அது அவனிடம் பேசியது.

செரோப்பின் டீக்கடைக்குப் பின்னால் போய், கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு நம்பரை அழுத்தினான்.

"கிமாருன்னு ஒருத்தன் இருக்கான். மருந்து அடிக்கிறான்."

"என்ன மருந்து?" என்றது ஒரு பெண் குரல்.

அதை அவன் யோசித்து வைக்கவில்லை. "ஊசி. பெரிய ஊசி."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"தினம் பாக்கறேன். கண்ணாடியில..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஜன்னல் கண்ணாடியில. சீக்கிரம் வாங்க. அவன் தயாரா இருக்கான்."

"தயாராவா?"

போனை வைத்துவிட்டான்.

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் செரோப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. கைக்குட்டை வழியாக வந்த குரல் யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் செய்தி தெளிவாகக் கேட்டுவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே கேட்டுவிட்டது.

மறுநாள் காலைப் பயிற்சியில், கூட்டமாக ஓடுகிறவர்கள் அவனை விட்டு விலகி ஓடினார்கள். ஒருவன் மட்டும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்து, மூச்சிரைக்கக் கேட்டான்.

"அண்ணே, எந்தக் கடையில வாங்கறீங்க?"

பின்னாலிருந்து இன்னொருவன் கத்தினான். "டேய், அந்தக் கடை வேணாம்டா! பதினாலாவதுதான் வரும்!"

வீட்டுக்கு வந்தால் மனைவி ஜெலகத் அழுதுகொண்டிருந்தாள். "எவனோ பாவி உங்களப் பத்திப் போன் பண்ணியிருக்கான். அவன் நாக்கு அழுகிப் போக!"

கிமாரு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். தன்னைப் பற்றித் தானே கோள் சொன்னவன் என்று சொல்வதைவிட, மருந்து அடிப்பவன் என்ற பெயரே கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியது.

மாமனார் வந்தார். உட்காரவில்லை.

"அடிச்சுமா பதினாலு?"

"மாமா, நான் அடிக்கல."

"அடிக்காம பதினாலுன்னாகூட மன்னிச்சுடலாம் மாப்ளே. அடிச்சும் பதினாலுன்னா நாங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

மாமியார் வாசலோடு நின்றுகொண்டார். மருமகனின் முகத்தைப் பார்ப்பதோ அவனோடு பேசுவதோ அந்தக் குடும்பத்தில் மாமியாருக்கு வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலைக் கிமாரு கேட்டதில்லை. ஆனால் சந்தை நாள்தோறும், முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க டவுன் மருந்துக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியதும், அவனுக்கென்று ஒரு குடுவை கொண்டுவந்துவிடுவார். கரி தேய்த்த சுரைக்குடுவையில் புளிக்க வைத்த முர்சிக் பால். தனுயிக்குக்கூட இது கிடையாது. தோற்றுத் தோற்று வரும் சின்ன மருமகனுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பட்சம் அதுதான்.

அன்றும் குடுவையை மகள் கையில் கொடுத்துவிட்டு, தோளில் போட்டிருந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு போனார். 'என்னால் அவருக்கும் தலைகுனிவு' என்று நினைத்துக் கிமாரு குன்றிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார், "நம்மில் ஒருவர் குழியில் விழுந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்," என்று ஜெபம் தொடங்கினார். எல்லாத் தலையும் கிமாரு பக்கம் திரும்பியது. அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

"அவங்க வரட்டும்! ஊரே கூடி நிக்கட்டும்! எல்லார் முன்னாடியும் சோதனை குடுக்கறேன். இந்த உடம்புல எங்க அத்தை குடுக்கற பாலத் தவிர வேற ஒண்ணும் இல்ல!"

பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் மாமியார் குனிந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் குனிந்தார்.

கார் புதன்கிழமை வந்தது. காலைப் பயிற்சி நேரத்தில், நேராக மைதானத்துக்கே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. வெள்ளையாக ஏதோ தெரிந்ததுமே பாதிக் கூட்டம் வேலி தாண்டி மக்காச்சோளத்துக்குள் பாய்ந்தது. கால்வலி என்று ஓரமாக உட்கார்ந்திருந்தவன்தான் முதலில் போனான். தனுயியும் இன்னும் நாலைந்து பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காரை நோக்கி ஓடியவன் கிமாரு ஒருவன்தான்.

காரிலிருந்து இறங்கிய ஒடுவோர் என்ற சோதனை அதிகாரி, ஆடிக்கொண்டிருந்த சோளக்கதிர்களைப் பார்த்தார். "இந்த வேகத்தப் பந்தயத்துல காட்டியிருந்தா மருந்தே வேண்டியிருக்காதே," என்றார். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் நின்றவனைப் பார்த்தார். "நீங்க?"

"கிமாரு சார். நானேதான். வீட்டுக்குப் போலாம் வாங்க."

ஒடுவோர் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் வேலையில் யாரும் அவரை இப்படி வரவேற்றதில்லை.

முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. சொன்ன சொல்லுக்குக் கூடித்தானே ஆகவேண்டும். ஒடுவோர் பெட்டியைத் திறந்து பாட்டில்களை எடுத்து வைத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். உடம்புக்குள்ள என்ன இருந்தாலும் அது உங்க பொறுப்பு. யார் குடுத்தாங்க, தெரிஞ்சு குடுத்தாங்களா தெரியாம குடுத்தாங்களான்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பெரும்பாலும் நாலு வருஷம் தடை."

"சரியான சட்டம் சார்," என்றான் கிமாரு, எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னும் கடுமையா இருக்கணும்."

"ஆயுசுக்கும் தடை போடணும்!" என்றார் மாமனார்.

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

கழிப்பறை, முற்றத்தின் மூலையில் இருந்த தகரக் கொட்டகை. கிமாரு உள்ளே போனான். ஒடுவோரும் கூடவே போனார்.

"சார், நீங்க எதுக்கு?"

"நான் கண்ணால பாக்கணும். சட்டையை மார் வரைக்கும் தூக்குங்க. கால்சட்டை முட்டிக்குக் கீழ."

இதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. மரியாதை என்று ஊரே சொன்ன சங்கதிக்குள் இது இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. சட்டையைத் தூக்கிக்கொண்டு, ஓர் அந்நிய மனிதர் கண் கொட்டாமல் பார்க்க, கையில் கோப்பையோடு நின்றான். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வெட்கத்தில் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது.

"வந்துச்சா மாப்ளே?" வெளியிலிருந்து மாமனார்.

"இல்ல மாமா."

"இன்னும் வரலையாம்!" என்று அவர் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"பயந்துட்டான்," என்றது ஒரு குரல்.

"மருந்து அடைச்சுக்கிட்டிருக்கும்," என்றாள் செரோப்.

வெளியே வந்து டீ குடித்தான். மறுபடி உள்ளே போனான். வரவில்லை. ஒடுவோர் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்தார். அதையும் குடித்துவிட்டுப் போனான். யாரோ உதவி செய்வதாக நினைத்து, கொட்டகைக்கு வெளியே வாளியிலிருந்து வாளிக்குத் தண்ணீர் ஊற்றிச் சத்தம் காட்டினார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு கிழவருக்கு வந்துவிட்டது. கிமாருவுக்கு வரவில்லை.

"ஜெலகத்!" என்று கத்தினான். "அந்தக் குடுவைய எடுத்துட்டு வா!"

முர்சிக் குடித்தால் அவனுக்கு எப்போதும் உடனே வரும். ஊரே சிரிக்கும்போது அவன் பக்கம் இருந்தது அது ஒன்றுதான்.

ஜெலகத் குடுவையோடு வந்தாள். பின்னாலேயே மாமியார் விரைந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார். மகளின் காதில் ஏதோ சொன்னார்.

"ரொம்பப் புளிச்சுடுச்சாம்," என்றாள் ஜெலகத். "குடிக்க வேணாங்கறாங்க அம்மா."

"நானும்தான் சொல்றேன்," என்றார் ஒடுவோர். "மூடி உடைக்காததை மட்டும் குடிங்க. வெளியில செஞ்சதக் குடிச்சா நாளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

கிமாருவுக்குக் கண் கலங்கியது. இத்தனை பேர் முன்னால் அந்த அம்மாள், மருமகனுக்குப் புளித்த பால் கொடுத்துவிட்டோமே என்று வெட்கப்படுகிறார்!

"சார், எங்க அத்தை குடுத்த பாலச் சந்தேகப்பட்டா நான் மனுஷனே இல்ல."

குடுவையை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தான். வாயோரம் கரி கோடாக வழிந்தது. மாமியார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வந்தது. கோப்பை நிரம்பி, ஒடுவோர் "போதும், போதும்" என்னும் அளவுக்கு வந்தது.

கொட்டகைக் கதவைத் திறந்து கோப்பையோடு அவன் வெளியே வந்தபோது கூட்டம் கைதட்டியது. பாதிரியார்கூடத் தட்டினார். சோளக்காட்டிலிருந்து திரும்பி, வேலியோரம் நின்றிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒடுவோர் பாட்டில்களை மூடி முத்திரை வைத்தார். கிமாரு கையெழுத்துப் போட்டான்.

தனுயி வந்து தோளைத் தொட்டான். "சகலை, எனக்கு முதல் தடவை ரெண்டு மணி நேரம் ஆச்சு. வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல."

மாமனார் அவனைக் கட்டிப் பிடித்தார். "இன்னிக்குத்தான்யா நீ என் மருமகன்! முடிவு வரட்டும், எந்த நாக்கு உன்னைப் பத்திப் பேசிச்சோ அந்த நாக்கைத் தேடிப் புடிக்கறேன்!"

அதைப் பற்றிக்கூட அவன் கவலைப்படவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் நிமிர்ந்து நின்றான். அக்டோபர் இனி அவனுடையது. வெள்ளைக் கார் அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி.

ஒடுவோர் பெட்டியைப் பின் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியார் காருக்குப் பக்கத்தில் போனார். மருமகன் முன்னால் வாய் திறக்காத மாமியார். கண்ணாடியைத் தட்டினார். அந்த மெல்லிய குரலைக் கிமாரு முதல்முறையாகக் கேட்டான்.

"ஐயா, கடைக்காரன் குடுத்த தெம்பு மாத்திரையப் பொடி பண்ணி, பால்ல கலந்து குடுத்தாக்கூட... அதுல தெரிஞ்சுடுமா?"